ஏழாம் தட்டு

மந்திரமூர்த்தி தன் வாழ்நாளில் கொன்ற கிருமிகளுக்குக் கணக்கே கிடையாது. முப்பது வருடமாக அதுதான் அவருக்குப் பிழைப்பு. திருநெல்வேலி சக்திவடிவு நரம்பியல் மருத்துவமனையில், தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத நீளமான ஓர் அறை அவருடைய ராஜ்ஜியம். மேலே தியேட்டரிலிருந்து ரத்தமும் சதையுமாக இறங்கி வரும் கருவிகளை ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, தட்டுகளில் அடுக்கி, துணி சுற்றி, நீராவிப் பெட்டிக்குள் தள்ளிக் கதவைத் திருகுவார். மேலே இருந்தவர்கள் மண்டையைத் திறந்து பேர் வாங்கினார்கள். கீழே இருந்தவரின் பேர் எந்த நோயாளிக்கும் தெரியாது. அதற்காக அவர் மனத்தாங்கல் பட்டதும் இல்லை. தான் அடுக்கி அனுப்பிய கத்தியால் ஒருத்தருக்கும் சீழ் வைத்ததில்லை என்று உள்ளூர ஒரு கர்வம் மட்டும் உண்டு. அந்தக் கர்வத்துக்கு அவர் தகுதியானவர்தான். இந்தக் கதையில் வயிற்றெரிச்சலான விஷயமே அதுதான்.

2039ஆம் வருடம் தை மாதத்தில் தன் மகள் ஆவுடையின் கல்யாணத்தை அவரே நிறுத்தினார்.

மாப்பிள்ளை சிவநேசன், கீழப்பாவூர்க்காரன், சூரிய மின்பண்ணையில் பொறியாளர். தரகர் கொண்டுவந்த சம்பந்தம் இல்லை அது. பதினோரு வருடத்துக்கு முன்னால், ஆவுடைக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போது, சிறுமூளையில் ஒரு கட்டி வந்து இதே மருத்துவமனையில் கிடந்தாள். பக்கத்துக் கட்டிலில் சிவநேசனின் அம்மா சண்முகவடிவு. அவருக்கு மூளையைச் சுற்றியுள்ள உறையில் கட்டி. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஆபரேஷன். மழித்த தலையோடு பன்னிரண்டு நாள் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தார்கள். "ரெண்டு மொட்டைக்கும் ஒரே சாமிதான் காவல்" என்று சண்முகவடிவு சொல்லிச் சிரித்தது இன்னும் நர்சுகளுக்கு நினைவிருக்கிறது. வீட்டுக்குப் போன பிறகும் போக்குவரத்து நிற்கவில்லை. "இவா எனக்குத்தான் மருமக" என்று அந்த அம்மாதான் முதலில் வாய்விட்டுக் கேட்டார்.

போன ஐப்பசியில் சண்முகவடிவு நடக்கும்போது தள்ளாட ஆரம்பித்தார். கார்த்திகையில் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மார்கழியில் பெற்ற மகனைப் பார்த்து "யாருய்யா நீங்க" என்று கேட்டார். தை பிறந்து நாலாம் நாள் செத்துப்போனார். மூளை சல்லடையாகிவிட்டது என்றார்கள். அந்த நோய்க்கு டாக்டர்கள் வைத்திருந்த பேர் வாயில் நுழையாது. ஊரில் பஞ்சு நோய் என்றார்கள்.

மருத்துவமனை கொடுத்த கடைசிச் சீட்டில், 'குடும்ப வழியாக வந்ததாக இருக்கலாம்' என்று ஒரு வரி இருந்தது. 'இருக்கலாம்' என்றுதான் எழுதியிருந்தார்கள். ஊர் அதை 'இருக்கு' என்று படித்தது. இப்போதெல்லாம் ஜாதகத்தோடு மரபணு ரிப்போர்ட்டையும் சேர்த்துத்தான் தாம்பாளத்தில் வைக்கிறார்கள். சண்முகவடிவின் ரிப்போர்ட்டில் ஒரு கோளாறும் இல்லைதான். இன்னும் கண்டுபிடிக்காத கோளாறாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. சிவநேசனின் தங்கைக்கு நிச்சயமாகியிருந்த இடம் ஒரே வாரத்தில் கழன்றுகொண்டது.

மந்திரமூர்த்தி பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போய், இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்து, பதினேழாம் நாள் போன் போட்டார். "தப்பா நெனச்சுக்கிடாதீங்க மாப்ள. ரத்தத்துல ஓடுற சீக்கு. நாளைக்கு ஒரு பிள்ள பெறந்து அதுக்கும் வந்துட்டா யாரு பொறுப்பு, சொல்லுங்க" என்றார். சிவநேசன், "சரிங்க மாமா" என்று மட்டும் சொன்னான். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆவுடை அன்றிலிருந்து அப்பாவிடம் சோறு போடட்டுமா, கதவைப் பூட்டட்டுமா என்ற அளவோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

பங்குனியில் டாக்டர் ஜுலைகா வந்தாள். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த நோயை மட்டுமே ஆராய்கிறவள். நாற்பது வயதிருக்கும். மேலே நிர்வாகத்தாரோடு இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, மூன்றாம் நாள் காலையில் படியிறங்கிக் கீழறைக்கு வந்தாள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டது மந்திரமூர்த்திக்குப் பிடித்திருந்தது.

"எந்திரிக்காதிய அண்ணாச்சி. நான் போலீஸ் இல்ல. மேலப்பாளையம்தான் நமக்கு. நாலு விஷயம் கேட்டுட்டுப் போயிருதேன்."

"கேளுங்க டாக்டரம்மா."

"சண்முகவடிவுன்னு ஒரு அம்மா எறந்தாவல்லா. அவங்களுக்கு அந்தச் சீக்கு எப்பிடி வந்துச்சுன்னு பாக்கேன். வாரதுக்கு மூணே வழிதான். தானா வரும், அதுக்குக் காரணமே கெடையாது, பத்துல எட்டுப் பேருக்கும் மேல அப்பிடித்தான். இல்லன்னா பெத்தவங்க வழியா வரும். மூணாவது, வெளிய இருந்து யாராவது கொண்டாந்து வச்சாத்தான் உண்டு."

"கொண்டாந்து வைக்கதுன்னா?"

ஜுலைகா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நம்ம மூளைல ஒரு புரதம் இருக்கு. எனக்கும் இருக்கு, உங்களுக்கும் இருக்கு. சரியா மடிஞ்சு இருக்க வரைக்கும் அது சாது. ஒண்ணே ஒண்ணு கோணலா மடிஞ்சுட்டுன்னு வைங்க, பக்கத்துல இருக்கதையும் தன்னைய மாதிரியே மடக்கும். அது அடுத்ததை மடக்கும். பால்ல ஒரு சொட்டு மோர் விழுந்த கத மாதிரி. ஆனா வருசக்கணக்கா சத்தமே இல்லாம நடக்கும். ஒருத்தர் மூளைல பட்ட கத்தி இன்னொருத்தர் மூளைல பட்டா, அந்த ஒரு சொட்டு போதும்."

மந்திரமூர்த்தி லேசாகச் சிரித்தார். "எங்கிட்ட நூத்தி முப்பத்துநாலு டிகிரி நீராவி இருக்கு டாக்டரம்மா. அதுல எந்தக் கிருமி நிக்கும்?"

"அங்கதான் இடிக்கி அண்ணாச்சி. மோர்ல உயிர் இருக்கு. இதுல உயிர் கெடையாது. உயிர் இருக்கதை நீங்க கொன்னுருவிய. உயிரே இல்லாததை எப்பிடிக் கொல்லுவிய?"

அவருக்குப் பதில் தெரியும், அதாவது பதில் இல்லை என்று தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு சுற்றறிக்கையில் இதையே படித்திருக்கிறார். கையில் இருந்த பஞ்சால், ஏற்கெனவே துடைத்த கத்தரிக்கோலை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"இப்ப எங்ககிட்ட ஒரு மெஷின் இருக்கு" என்றாள் ஜுலைகா. "மடிப்பைப் படிக்கிற மெஷின். ஒவ்வொருத்தர் மூளையிலயும் அந்தக் கோணலுக்குன்னு ஒரு சாடை உண்டு. ஒருத்தர்ட்ட இருந்து ஒட்டிக்கிட்டு வந்ததுன்னா, குடுத்தவங்க சாடை அடியில அப்பிடியே கெடக்கும். வாங்குனவங்க சாடை அதுக்கு மேல ஏறும். சண்முகவடிவு அம்மாவோட மூளைத் துணுக்கைப் படிச்சுப் பாத்தேன். அடியில இன்னொரு ஆள் இருக்காரு."

"யாரு?"

"வைகுண்டம்னு ஒரு வாத்தியாரு. இங்கதான் 2028ல மூளைல இருந்து துணுக்கு எடுத்துப் பாத்தாவ. அவருக்குத் தானா வந்த சீக்கு, பாவம், ரெண்டு மாசத்துல போயிட்டாரு. அந்தத் துணுக்கு இன்னும் எங்க குளிர்பெட்டில இருக்கு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போவுது."

"அப்பம் அந்த அம்மா ரத்தத்துல..."

"ரத்தத்துல ஒரு கோளாறும் கெடையாது. அவங்க பெத்த பிள்ளைகளுக்கும் கெடையாது. சும்மா கெடந்த குடும்பத்து மேல ஊரே மண்ணள்ளிப் போட்டிருக்கு."

மந்திரமூர்த்திக்குத் தான் போனில் பேசிய வார்த்தைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஆனால் அவை வந்த வேகத்திலேயே பின்னால் போய்விட்டன. முன்னால் வந்து நின்றது வேறொன்று.

"ஆனா உங்க பதிவேடுதான் எனக்கு எதிரா நிக்கி" என்று ஜுலைகா தொடர்ந்தாள். "வாத்தியாருக்கு எடுத்தது பதினொண்ணாம் தட்டு, சீக்கு இன்னதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே அதைக் கருவியோட எரிச்சாச்சுன்னு உங்க கையெழுத்து இருக்கு. எரிச்ச தட்டு ரெண்டு நாள் கழிச்சு எப்பிடி இன்னொருத்தர் மண்டைக்குள்ள போவும்? மெஷின் புதுசு, தப்பாக் காட்டிருக்கும்னு உங்க நிர்வாகம் எழுதியே தந்துட்டு. வழியை நான் காட்டலன்னா குடும்ப வழின்னே நின்னுரும்."

"பதினொண்ணாம் தட்டுதான் டாக்டரம்மா" என்றார் மந்திரமூர்த்தி. "என் கையாலதான் எரிக்கக் குடுத்தேன்."

அதில் பொய் இல்லை. பதினொன்றாம் தட்டை அவர் கையால்தான் எரிக்கக் கொடுத்தார்.

ஜுலைகா எழுந்தாள். போகிற போக்கில் ஒன்று சொன்னாள். "இன்னும் ஒரு வாரம் இருப்பேன். தண்டுவட நீரை எடுத்துப் பாத்தா, சீக்கு தலைகாட்டுறதுக்கு முன்னாடியே இப்ப கண்டுபிடிச்சிரலாம். நிறுத்தி வைக்கதுக்கு ஒரு மருந்தும் பரீட்சைல இருக்கு, ஆரம்பத்துலயே போடணும். ஆனா தொட்டிருக்க வாய்ப்பு உண்டுன்னு பட்டியல்ல பேரு உள்ளவங்களுக்குத்தான் தருவாவ. எந்தத் தட்டுன்னு தெரியாம நான் யாரு பேரைன்னு எழுதுவேன்?"

இனி அந்தத் தட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டியதுதான்.

டாக்டர் ரத்தினசபாபதி அப்போது இந்த மருத்துவமனையின் பெரிய கை. இப்போது உயிரோடு இல்லை. லண்டனில் படித்து, எலும்பைச் சீவும் ரம்பத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். அப்பேர்ப்பட்டவருக்கும் ஒரு தட்டு ராசி. ஏழாம் எண் பொறித்த தட்டில் உள்ள கருவிகளைத் தொட்டால்தான் அவருக்குக் கை நிற்கும். ஆயுத பூஜையன்று எல்லாத் தட்டுகளையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவார்கள்; ஏழாம் தட்டுக்கு மட்டும் டாக்டரே குனிந்து பொட்டு வைப்பார். ஏழு பழுதுபார்க்கப் போயிருந்த ஒரு மாதத்தில் பதினொன்றாம் தட்டை எடுத்துச் செய்தார். இரண்டு பேர் மேசையிலேயே போய்விட்டார்கள். இரண்டுமே பிழைக்க வழியில்லாத கேஸ்கள். ஆனாலும் பழி தட்டின் மேல் விழுந்தது. "ஏழு இல்லேன்னா என் கை என் கையா இருக்காது மூர்த்தி" என்று டாக்டர் ஒருநாள் கீழே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

வைகுண்டம் வாத்தியாருக்கு ஒரு வியாழக்கிழமை, உதவி டாக்டர்கள் ஏழாம் தட்டை வைத்துத் துணுக்கு எடுத்தார்கள். சனிக்கிழமை சென்னையிலிருந்து தகவல் வந்தது, இன்ன நோய், தட்டை அப்படியே எரித்துவிடுங்கள் என்று. டாக்டர் ஒரு மாநாட்டுக்கு மதுரைக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை ஆவுடைக்கு ஆபரேஷன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மந்திரமூர்த்தி கீழறையில் தனியாக உட்கார்ந்து ஏழாம் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தட்டு மினுங்கியது. அவரே தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மினுக்கம். இதை எரித்தால் தன் மகளின் மண்டையைத் திறக்கப்போகிற கை நடுங்கும். இந்த ஒரு நினைப்பைத் தவிர வேறெதுவும் அப்போது அவர் தலையில் ஏறவில்லை. பதிவேட்டில் ஏழைப் பதினொன்றாகத் திருத்தினார். யாருக்கும் வேண்டாத பதினொன்றாம் தட்டை எரிக்கிற வண்டியில் ஏற்றினார்.

அவர் கவனமில்லாத மனிதர் இல்லை. ஏழாம் தட்டைக் காஸ்டிக் சோடாவில் முக்கினார். ஒரு மணி நேரம் ஊற வேண்டும் என்று சுற்றறிக்கை சொன்னது. பத்தாவது நிமிடத்தில் இடுக்கியின் முனை கறுக்கிறாற்போல இருந்தது. கறுத்தால் டாக்டருக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் கேட்பார். எடுத்துக் கழுவிவிட்டார். ஈடுகட்டுவதற்காக நீராவிப் பெட்டியில் மூன்று தடவை போட்டார். மூன்று தடவை போட்டால் எமனே வெந்துபோவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். திங்கள் விடியற்காலையில் துணி சுற்றி, 'ஆவுடை' என்று சீட்டு எழுதி ஒட்டி, தானே மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். மகள் பிழைத்தாள். அந்த வருட ஆயுத பூஜைக்கு ஏழாம் தட்டுக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிச் சாத்தினார்.

ஜுலைகா வந்துபோனதிலிருந்து மந்திரமூர்த்திக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் ஆவுடையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மாடிப்படி ஏறினால் கூடவே எண்ணினார். கோலம் போட்டுவிட்டு எழுந்தால் சுவரைப் பிடிக்கிறாளா என்று எட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் அவள் கையிலிருந்து ஒரு டம்ளர் நழுவிக் காப்பி கொட்டியது. யார் வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் இவர் தரையில் மண்டியிட்டு, அவள் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். "என்னப்பா செய்யுதிய" என்று அவள் கையை உருவிக்கொண்டாள். சோறும் கதவும் இல்லாமல் இரண்டு மாதத்தில் அவள் பேசிய முதல் வாக்கியம் அது.

அன்று பத்து மணிக்கெல்லாம் ஜுலைகா தங்கியிருந்த விடுதியின் வரவேற்பறையில் போய் நின்றார்.

"டாக்டரம்மா, ஒரே ஒரு பேரை மட்டும் உங்க பட்டியல்ல சேத்துக்கிட முடியுமா? காரணம் கேக்கப்பிடாது."

"காரணத்தைத்தான் அண்ணாச்சி நான் ஊர் ஊராத் தேடிட்டு அலையுதேன். என்ட்டப் போயிக் கேக்கப்பிடாதுங்கியளே."

அவர் நின்றுகொண்டே இருந்தார். அவள் உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வியாழக்கிழமை, சனிக்கிழமை, காஸ்டிக் சோடா, பத்து நிமிடம், 'ஆவுடை' என்று எழுதிய சீட்டு. ஒரு சாமான் பட்டியலை ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார். முடித்ததும் கேட்டார், "மொதல்ல யாருக்குப் போச்சோ அவங்களுக்குத்தான் கூட ஒட்டுமோ?"

"ஆமா. ஒவ்வொரு கழுவுக்கும் குறையும். பத்து ஆபரேஷன் வரைக்கும் பட்டியல்ல எழுதுவோம். மொதல் ஆளுக்குத்தான் ரொம்ப பயம்."

"எம்மகதான் மொதல் ஆளு."

"உங்கட்ட ஒண்ணு கேக்கேன் அண்ணாச்சி. மூணு நாளைக்கு முன்னாடி நான் வந்து, அந்தக் குடும்பத்து மேல ஒரு தப்பும் இல்லன்னு சொன்னேன். அன்னைக்கு இதைச் சொல்லல. இன்னைக்கு மகளுக்காகச் சொல்லுதிய."

"பெத்தவன் வேற என்னம்மா செய்வான்."

"அவங்களும் பெத்தவங்கதான்" என்றாள் அவள்.

வேலை போகும், வழக்கு வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அந்த மட்டில் அவரைப் பாராட்டத்தான் வேண்டும். எந்தத் தட்டு யாருக்குப் போனது என்று தியேட்டரில் சிஸ்டர் ஆரோக்கியம் கையால் எழுதிவைத்த நோட்டுகள் பழைய சாமான் அறையில் கிடக்கின்றன என்றும் அவரே சொன்னார். கம்ப்யூட்டரை நம்பாத அந்த அம்மா ஓய்வு பெறும் வரை எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். மற்றவர்கள் கேலி செய்வார்கள். கீழறைப் பதிவேட்டில் என்ன திருத்தினாலும் அந்த நோட்டில் உள்ளது அப்படியே இருக்கும்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குச் சாமான் அறையைத் திறந்தார்கள். ஜுலைகா, மந்திரமூர்த்தி, அவரோடு ஆவுடை. தண்டுவட நீர் எடுப்பதற்குச் சம்மதக் கையெழுத்து அவள்தான் போட வேண்டும் என்பதால் அழைத்துவந்திருந்தார். வரும் வழியில் ஆட்டோவிலேயே எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தார். அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். தட்டு மாற்றியதைவிட, "அப்பம் அத்தைக்கு ரத்தத்துல ஒண்ணும் இல்ல, அப்படித்தான?" என்ற ஒரே கேள்விக்கு அவர் "இல்ல" என்றதுதான் அவளைக் குலுக்கியது. அதற்குப் பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

2028இன் நோட்டுகள் ஒரு மரப் பெட்டியில் இருந்தன. தூசியைத் தட்டி, ஜுலைகா பக்கங்களைப் புரட்டினாள். ஆரோக்கியம் சிஸ்டரின் எழுத்து குண்டு குண்டாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல இருந்தது.

"வியாழன். வைகுண்டம். ஏழாம் தட்டு" என்று படித்தாள். "நீங்க சொன்னது சரிதான் அண்ணாச்சி."

அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். விரலை வைத்துக்கொண்டு ஒரு தடவை தனக்குள் படித்தாள். நிமிர்ந்து ஆவுடையைப் பார்த்துவிட்டு மறுபடி படித்தாள்.

"திங்கள். மொத கேஸ் சண்முகவடிவு. ஏழாம் தட்டு. ரெண்டாவது கேஸ் ஆவுடை. நாலாம் தட்டு."

"நாலா?" என்றார் மந்திரமூர்த்தி. "சரியாப் பாருங்க டாக்டரம்மா. ஏழுல எம்மக பேரை எழுதில்லா ஒட்டுனேன். நாலாம் தட்டு அந்த அம்மாவுக்கு வச்சது, எம்மகளுக்குப் பொறவு ஏழையும் அவங்களுக்கு எடுத்திருப்பாவன்னுல்லா நெனச்சேன்."

"பாருங்க, நாலுதான். டாக்டர் மொத கேஸுக்கே ஏழு வேணும்னு கேட்டு வாங்குனாருன்னு எழுதிருக்காவ. மறுபடி அவிச்சு எடுக்க நேரம் இல்லன்னு ரெண்டாவதுக்கு நாலு குடுத்திருக்காவ. அந்த வாரத்துல பாக்கி எதுலயும் உங்க மக பேரு இல்ல. ஏழாம் தட்டு அவளைத் தொடவே இல்ல."

மந்திரமூர்த்தி மரப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நாலு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது சட்டென்று இறங்கியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அவருடைய முகம் மலர்ந்தது, அதை அவரால் அடக்க முடியவில்லை.

"நல்லவேளை" என்றார்.

சொன்ன பிறகுதான் அது வாயைவிட்டு வெளியே வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. ஆவுடை முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"யாருக்குப்பா நல்லவேளை?"

"அதில்லம்மா. நான் சொல்ல வந்தது..."

"ஆபரேஷன் வரிசைல நான்தான மொதல்ல இருந்தேன்" என்று அவள் ஜுலைகாவிடம் கேட்டாள். "எட்டு மணிக்கு எனக்குன்னுதான் நர்சம்மா வந்து சொன்னாவ. தலையெல்லாம் செரச்சு விட்டிருந்தாவ. அப்புறம் எதுக்கு அத்தைய மொதல்ல கூட்டிட்டுப் போனாவ? எழுதிருக்கா அதுல?"

ஜுலைகா நோட்டைப் பார்த்தாள். எழுதியிருந்தது. ஆரோக்கியம் சிஸ்டர் எதையும் விட்டுவைக்கிறவர் இல்லை. ஜுலைகா படிக்கத் தயங்கினாள். பிறகு படித்தாள்.

"சிறுமியின் தகப்பனார் ஒன்பது மணிக்கு மேல் செய்யும்படி கேட்டுக்கொண்டார். ஒன்பது வரை ராகுகாலம். ஆகவே வரிசை மாற்றப்பட்டது."

மந்திரமூர்த்திக்கு அந்தக் காலைப்பொழுது முழுசாக ஞாபகம் வந்தது. வார்டு வாசலில் சிஸ்டரிடம் அவர் கெஞ்சிக்கொண்டு நின்றார். சிஸ்டர், யாரை முன்னால் அனுப்புவது, எல்லாருக்கும்தான் ராகுகாலம் என்று சலித்துக்கொண்டார். கட்டிலில் கிடந்த சண்முகவடிவு மொட்டைத் தலையைத் தூக்கி, "எனக்கு ராகுவும் கெடையாது கேதுவும் கெடையாது. நேத்துலருந்து பச்சத் தண்ணி பல்லுல படல, பசி கொல்லுது. பிள்ள பயந்து கெடக்கு, நல்ல நேரம் பாத்தே வரட்டும். நான் முன்னால போறேன்" என்றார். தள்ளுவண்டியில் ஏற்றும்போது மந்திரமூர்த்தி அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவரும் படுத்தபடியே பதிலுக்குக் கும்பிட்டார்.

ஆவுடைக்கும் அது நினைவிருந்தது. அவள் முகத்திலேயே அது தெரிந்தது.

சம்மதச் சீட்டு இன்னும் அவள் கையில் இருந்தது. அதை ஜுலைகாவிடம் திருப்பிக் கொடுத்தாள். "எனக்கு இது வேண்டாம்லா டாக்டர்?"

"வேண்டாம்மா. உனக்கு ஒண்ணும் இல்ல."

"ரத்தத்துல கோளாறு இல்லன்னு நீங்க எழுதித் தருவியளா? இன்னைக்கே?"

"இப்பவே தாரேன்." ஜுலைகா தன் பையிலிருந்து தாளை எடுத்து, பெட்டியின் மேல் வைத்து எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஆவுடை அதை ஒரு தடவை படித்து, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"கீழப்பாவூர் போறேன்" என்றாள், யாரிடம் என்று இல்லாமல்.

"நானும் வாரேம்மா" என்றார் மந்திரமூர்த்தி. "நானே நேர்ல வந்து, மாப்ள கால்ல விழுந்துகூட..."

"நீங்க வந்து என்னப்பா சொல்லுவிய?" என்று கேட்டாள் ஆவுடை. அவள் குரலில் கோபம்கூட இல்லை. "நல்லவேளைன்னா?"

அவள் போய்விட்டாள். படியிறங்கும் சத்தம் கேட்டது, பிறகு வெளிக்கதவு சாத்தும் சத்தம். மந்திரமூர்த்தி பின்னாலேயே ஓடிப்போகலாம் என்று ஒரு கால் எடுத்து வைத்தார். கீழப்பாவூர் வீட்டில் சண்முகவடிவின் படத்துக்கு முன்னால் போய் என்ன வார்த்தை சொல்வது என்று யோசித்துப் பார்த்தார். எடுத்த காலைப் பின்னுக்கு வைத்தார்.

ஜுலைகா நோட்டை அவர் பக்கமாக நகர்த்தி, ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அதன் மேல் வைத்தாள்.

"எழுதுங்க அண்ணாச்சி. ஏழாம் தட்டு போன வரிசைல. மொத பேரு எழுத வேண்டாம், அவங்க இல்ல. ரெண்டாவதுல இருந்து எழுதுங்க. இன்னும் ஒம்பது பேரு. உசுரோட இருக்கவங்க வீட்டுக்கெல்லாம் நான் போயாகணும்."

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்தைத் திருப்பி, ஏழு என்ற எண்ணைத் தேட ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பேர் பால்ராஜ், வயது ஒன்பது.